நான் அழித்த வீடியோ

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு இரவு, வாகனச் சோதனை நடந்துகொண்டிருந்தது. என் முறைக்காக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் பைக்கில் ஒரு பையன், இருபது வயது இருக்கும். காவலர் ஏதோ கேட்டார், அவன் ஏதோ பதில் சொன்னான். என்ன சொன்னான் என்று காதில் விழவில்லை. அடுத்த நொடி காலரைப் பிடித்து இழுத்தார்கள். பைக் சாய்ந்தது, கன்னத்தில் ஒரு அறை விழுந்தது, அப்புறம் இன்னொன்று.

போனை எடுத்தேன். யோசித்தெல்லாம் எடுக்கவில்லை, கை தானாகப் போனது. 40 விநாடி ஓடியிருக்கும். இன்னொரு காவலர் என் பக்கத்தில் வந்து நின்றார். மிரட்டினார் என்று சொன்னால் பொய். "என்ன சார், உங்களுக்கு எதுக்கு வம்பு? டெலிட் பண்ணிட்டுப் போங்க" என்றார், கிட்டத்தட்ட அக்கறையோடு. அழித்தேன். "அழிச்சதெல்லாம் தனியா ஒரு இடத்துல கிடக்குமே, அங்கேயும் போய் அழிச்சிடுங்க" என்றார். விவரமானவர். அங்கேயும் போய் அழித்தேன். பைக்கைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த அந்தப் பையன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

போலீஸை வீடியோ எடுக்கலாமா கூடாதா என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அன்று அந்த வீடியோவை அழித்த என் கட்டைவிரல்தான் ஞாபகம் வரும். நாம் எப்போதும் எடுப்பதைப் பற்றியே பேசுகிறோம். எடுப்பது பெரிய விஷயமில்லை, எல்லார் சட்டைப்பையிலும் கேமரா இருக்கிறது. எடுத்ததை அழிக்காமல் அந்த இடத்தை விட்டு நகர முடிகிறதா என்பதில்தான் இந்த உரிமை இருக்கிறதா இல்லையா என்பது தெரியும்.

2015-இல் அமெரிக்காவின் வட சார்ல்ஸ்டனில் வால்டர் ஸ்காட் என்பவரை ஒரு போலீஸ் அதிகாரி சுட்டுக் கொன்றார். மின் அதிர்ச்சி கொடுக்கும் தன் டேசர் கருவியை ஸ்காட் பறித்துக்கொண்டார், உயிருக்குப் பயந்து சுட்டேன் என்பது அதிகாரி சொன்ன கதை. வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஒருவர் தன் போனில் பிடித்த காட்சியில், ஸ்காட் முதுகைக் காட்டி ஓடுகிறார், அதிகாரி பின்னாலிருந்து எட்டு முறை சுடுகிறார். அந்த அதிகாரிக்கு 20 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. இதில் என்னை உலுக்கியது வேறு. பயத்தில் அந்த வீடியோவை அழித்துவிடலாமா என்று தானும் யோசித்ததாக எடுத்தவர் பின்னால் சொன்னார். அவர் அழித்திருந்தால் அதிகாரி சொன்னதே கோப்பில் நின்றிருக்கும்.

ஜார்ஜ் ஃப்ளாய்டு விஷயத்திலும் இதுதான். 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஒரு போலீஸ் அதிகாரி கழுத்தை முழங்காலால் அழுத்தியதில் அவர் இறந்தார். அந்த ஊர்க் காவல் துறை வெளியிட்ட முதல் அறிக்கையின் தலைப்பு, போலீஸோடு நடந்த சந்திப்பின்போது 'மருத்துவக் காரணத்தால்' ஒருவர் இறந்தார் என்கிற மாதிரி இருந்தது. அந்த முழங்காலைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. நடைபாதையில் நின்ற 17 வயதுப் பெண் எடுத்த வீடியோ வெளியே வந்த பிறகுதான் உலகத்துக்கு விஷயம் தெரிந்தது. அந்த அதிகாரிகளின் சட்டையிலும் கேமரா இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தப் பதிவுகள் மக்கள் பார்வைக்கு வர மாதங்கள் ஆயின.

"போலீஸே கேமரா மாட்டிக்கொள்கிறார்களே, நீங்கள் எதற்கு எடுக்க வேண்டும்?" என்று கேட்பவர்களுக்கு இன்னொரு கேமராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் அடிக்கப்பட்டு இறந்தார்கள். நிலையத்தில் சிசிடிவி இருந்தது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் என்ன கண்டார்? பதிவுகளைச் சேமிக்கப் போதிய இடம் இருந்தும், தினமும் தானாக அழிந்துவிடும்படி அமைப்பைச் செய்து வைத்திருந்தார்கள். நான் கட்டைவிரலால் செய்ததை அங்கே இயந்திரமே செய்துகொண்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா இருக்க வேண்டும், பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. நல்ல உத்தரவுதான். ஆனாலும் பூட்டும் சாவியும் ஒருவர் கையிலேயே இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? இடத்துக்கு இடம் மாறும். 2007-இல் பாஸ்டனில் ஒரு வழக்கறிஞர், கைது ஒன்றைப் போனில் எடுத்ததற்காக ஒட்டுக்கேட்புச் சட்டத்தில் கைது செய்யப்பட்டார். போனை எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி நீட்டிப் பிடித்திருந்தவர் மேல் 'ரகசியமாக' பதிவு செய்தார் என்று வழக்கு! அது நிற்கவில்லை. அவர் திருப்பித் தொடுத்த வழக்கில், பொது இடத்தில் கடமையில் இருக்கும் போலீஸைப் படமெடுப்பது அரசியல் சாசன உரிமை என்று 2011-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நகர நிர்வாகம் 1,70,000 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. இந்தியாவில் காவல் நிலையத்துக்குள் வீடியோ எடுத்தவர் மேல் அலுவல் ரகசியச் சட்டத்தில் போட்ட வழக்கை 2022-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தச் சட்டம் சொல்லும் 'தடை செய்யப்பட்ட இட'த்தில் காவல் நிலையம் வராது என்பது காரணம். எடுப்பதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில், எச்சரித்த பிறகும் போலீஸிடமிருந்து 8 அடிக்குள் நின்று எடுத்தால் குற்றம் என்றார்கள், நீதிமன்றம் தடுத்தது. பிரான்சில் கெட்ட எண்ணத்தோடு போலீஸ் முகத்தை வெளியிட்டால் சிறை என்றொரு பிரிவு வந்தது, அதைச் சுற்றிப் பெரிய போராட்டங்கள் நடந்தன, மாற்றி எழுதிய பிறகும் 2021-இல் அரசியல் சாசன மன்றம் அதைத் தூக்கி எறிந்தது. கெட்ட எண்ணமா நல்ல எண்ணமா என்பதை அந்த இடத்தில் யார் முடிவு செய்வது? படமெடுக்கப்படுகிற அதே ஆள்தானே.

என் பெரியப்பா மகன் காவல் துறையில் இருக்கிறான். இந்த விஷயத்தில் எனக்கும் அவனுக்கும் பல முறை வாக்குவாதம் ஆகியிருக்கிறது. "பன்னிரண்டு மணி நேரம் நிக்கறேன்டா. ஒருத்தன் பத்து நிமிஷம் என் அம்மாவை இழுத்துத் திட்டறான். கடைசியா நான் கையை ஓங்கின பத்து செகண்டை வெட்டி ஊரெல்லாம் சுத்த விடறாங்க" என்பான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெட்டி ஒட்டிய வீடியோவால் வேலை போனவர்களின் வலியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பத்து விநாடிக்கு மருந்து முழுப் பத்து நிமிடமும் யாரிடமாவது இருப்பதுதான். அதைச் சொன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பான், அப்புறம் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவான்.

எடுக்கிறவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. விபத்தில் அடிபட்டுக் கிடப்பவரின் முகத்துக்கு நேரே போனை நீட்டுகிறவர், கைது நடக்கும் இடத்தில் நடுவே புகுந்து காவலரின் மூக்கருகே கேமராவைக் கொண்டுபோகிறவர், ஒரு குழந்தையின் முகத்தை மறைக்காமல் அப்படியே பதிவேற்றுகிறவர். இவர்கள் செய்வது வேறு வேலை. நாலடி தள்ளி நில்லுங்கள், வாயை மூடிக்கொண்டு எடுங்கள், காவலரின் வேலைக்குக் குறுக்கே போகாதீர்கள். விலகி நிற்கச் சொன்னால் விலகி நின்று எடுங்கள். எடுத்ததை உடனே முகநூலில் போட வேண்டும் என்று எந்த அவசரமும் இல்லை. பாதிக்கப்பட்டவரின் வக்கீலிடமோ வீட்டாரிடமோ போய்ச் சேர்ந்தால் போதும். ஸ்காட்டின் வீடியோவும் முதலில் அவர் குடும்பத்திடம்தான் போனது.

என் போனில் இப்போது ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறேன். எடுப்பது எதுவாக இருந்தாலும் நெட் இருந்தால் இணையச் சேமிப்பில் தானாக ஒரு பிரதி ஏறிவிடும், அதோடு அந்தக் கணக்கின் கடவுச்சொல் தங்கையிடமும் இருக்கிறது. இனி யாராவது பக்கத்தில் வந்து அக்கறையாகச் சொன்னால் நான் மறுபடியும் பயந்து அழித்துவிடக்கூடும். என் தைரியத்தின் அளவு எனக்கே தெரியும்.

அந்தப் பையன் அப்புறம் புகார் கொடுத்தானா என்று தெரியாது. கொடுத்திருந்தால் அவன் கையில் வாய்வார்த்தையைத் தவிர எதுவும் இருந்திருக்காது. 40 விநாடிக்கு ஒரு வீடியோ இருந்தது என்பது அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்தக் காவலருக்கும் தெரியும்.