ஓசியோலா பிடிபட்டது போர்க்களத்திலா?

ஃபுளோரிடாவின் பூர்வகுடிகளான செமினோல் மக்களின் தலைவர் ஓசியோலா போர்க்களத்தில் தோற்று அமெரிக்கப் படையிடம் சிறைப்பட்டார் என்று ஒரு நண்பர் குறிப்பிட்டிருக்கிறார். பலரும் அதை வழிமொழிந்திருப்பதால் ஒரு சிறு திருத்தம்.

அவர் பிடிபட்டது போரில் அன்று. 1837 அக்டோபரில், ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகருக்குத் தெற்கே, ஃபோர்ட் பேட்டன் கோட்டை அருகில் வெள்ளைக்கொடியின் கீழ்ப் பேச்சுவார்த்தைக்கு வந்திருந்தபோது, அமெரிக்கப் படைத்தளபதி ஜெனரல் தாமஸ் ஜெசப்பின் உத்தரவின்படி ஜெனரல் ஹெர்னாண்டெஸின் வீரர்கள் அவரைச் சுற்றிவளைத்துப் பிடித்தனர். 1838 ஜனவரி 30 அன்று தென் கரோலினாவின் ஃபோர்ட் மூல்ட்ரியில் கைதியாகவே அவர் இறந்தார். செமினோல்களை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்புவதற்கான அந்தப் போரோ 1842 வரை நீடித்தது.

இதைச் சரிபார்க்க எவருடைய நூலையும் நம்ப வேண்டியதில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் அக்கால அரசு ஆவணத் தொகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றின் இராணுவப் பிரிவில் ஜெசப் என்ற பெயரையும் 1837 என்ற ஆண்டையும் கொண்டு தேடிப் பாருங்கள். செமினோல்கள் முன்பே உடன்பாட்டை மீறினர் என்பதுதான், வெள்ளைக்கொடியின் கீழ் வந்தவரைப் பிடித்ததற்கு ஜெசப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் சொல்லிவந்த நியாயம். அதை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம்; ஆனால், களத்தில் வென்று பிடித்திருந்தால் அப்படியொரு நியாயமே அவருக்குத் தேவைப்பட்டிருக்காது.