அந்தக் கறுத்தக் கல்லை ஏன் கழுவேல்லை?

நேற்று ஒரு நண்பர் யாழ். பொது நூலகத்துக்கு முன்னால் நின்று எடுத்த படத்தைப் போட்டு ‘என்ன வடிவு!’ என்று எழுதியிருந்தார். வடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் எரிந்த பிறகு திரும்பக் கட்டிய அந்த வெள்ளைச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டிரெஸ்டனில் ஒரு சுவரில் கைவைத்த நாள் ஞாபகம் வந்துவிடுகிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜேர்மனியில் படிக்கப் போன முதல் குளிர்காலம். விடுதியில் என்னோடு ஒரே குசினியில் சமைத்த, சிரியாவின் அலெப்போக்காரன் ஒருவன்தான் என்னை இழுத்துக்கொண்டு போனான். மலிவு ரயில் டிக்கெட், விடாத தூறல், இரண்டு பேருக்கும் நனையாத சப்பாத்து இல்லை. போய்ப் பார்த்தது ஃபிரௌவன்கிர்ஷ. எங்கள் வழக்கில் சொன்னால் மாதா கோயில், ஆனால் லூத்தரன் சபையினருடையது.

ஜோர்ஜ் பேர் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து, 1726இல் தொடங்கி 1743இல் முடித்த கோயில். 1945 பெப்ரவரி 13 இரவு குண்டு விழத் தொடங்கியது. ஊரே எரிந்தும் கோயில் உடனே விழவில்லை. உள்ளே பிடித்த நெருப்பில் தூண்கள் வெந்து, 15ஆம் திகதி காலையில்தான் அந்தப் பெரிய கல் குவிமாடம் கீழே வந்தது. பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் அது வெறும் கற்குவியல். 1990களில்தான் திரும்பக் கட்ட வெளிக்கிட்டார்கள். குவியலை வாரிக் கொட்டவில்லை. ஒவ்வொரு கல்லாக எடுத்து, அளந்து, எண் போட்டு, எது எந்த இடத்துக் கல் என்று கணினியில் தேடினார்கள். அப்படி ஏறத்தாழ 3,800 பழைய கற்கள் புதுச் சுவருக்குள் போயின. 2005 அக்டோபர் 30இல் கோயில் திறந்தது.

கிட்டப் போய்ப் பார்த்தால் சுவர் முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் கறுப்பு. சந்தன நிறத்தில் புதுக்கல், அதற்குப் பக்கத்தில் அடுப்புக்கல் மாதிரி ஒரு பழைய கல், மூலை உடைந்தபடியே. நான் இரண்டும் சேரும் பொருத்தில் விரலை வைத்தேன். புதுக்கல் சொரசொரப்பு, பழையது வழுவழுப்பு. அலெப்போக்காரன் ஒன்றும் பேசவில்லை. கோயிலை விட்டுவிட்டுக் கறுத்தக் கற்களை மட்டும் தனித்தனியாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். உச்சியில் இருக்கும் பொன் சிலுவையைச் செய்த ஆலன் ஸ்மித், அன்றைக்குக் குண்டு போட வந்த பிரித்தானிய விமானிகளில் ஒருவருடைய மகனாம். அது மனதைத் தொடுகிற கதைதான். எனக்கென்னவோ சிலுவையை விடக் கல்தான் பிடித்தது.

இரவு அப்பாவுக்கு வீடியோ எடுத்துக் காட்டினேன். 1981இல் யாழ். நூலகத்தைக் கொளுத்தியபோது அவர் ஏ.எல். (உயர்தரம்) படித்துக்கொண்டிருந்தவர். 97,000 நூல்கள் என்று நாங்கள் எண்ணிக்கை சொல்லுவோம். அவர் தான் வழக்கமாக இருக்கும் யன்னல் மேசையைச் சொல்லுவார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“அந்தக் கறுத்தக் கல்லை ஏன் கழுவேல்லை தம்பி?”

“வேணுமெண்டுதான் அப்பா விட்டிருக்கினம்.”

“ஓ…” என்றுவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

எரிந்த கட்டடத்தை அப்படியே விட்டுப் பக்கத்தில் புதிதாகக் கட்டுவோம் என்று ஊரில் ஒரு கதை இருந்தது. அப்பா அந்தக் கட்சி. நான் இல்லை. பிள்ளைகளுக்கு இருந்து படிக்க இடம் வேண்டும். நூலகத்தைத் திரும்பக் கட்டத் தெற்கில் ஒரு புத்தகமும் ஒரு செங்கல்லும் என்று சேர்த்தார்களே, அதில் மனதாரக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். திரும்பக் கட்டியது சரி. பிழை, கட்டிய விதத்தில். ஒரு தூணையாவது, ஒரு யன்னல் வளைவையாவது கருகினபடி விட்டிருக்கலாம். இப்போது வெளியில் நின்று செல்பி எடுக்கிற பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் சுவர் ஒன்றும் சொல்லாது.

சரி, அது முடிந்த கதை. முடியாத கதை ஒன்று யாழ். கோட்டைக்குள் கிடக்கிறது. ஒல்லாந்தர் 1706இல் சிலுவை வடிவில் கட்டிய தேவாலயம், 1990 சண்டையில் நொறுங்கி முருகைக்கல் குவியலாகப் போனது. கட்டியவர்கள் நம்மை ஆள வந்தவர்கள்தான். ஆனால் கடலில் இருந்து அந்தக் கல்லை எடுத்துச் சுமந்தது நம் ஆட்கள் இல்லாமல் வேறு யார்? அதை என்றைக்காவது யாராவது திரும்பக் கட்ட வந்தால், சீமெந்து மூட்டையை இறக்க முதல் கல்லுக்கு எண் போடச் சொல்லிக் கேட்கவேண்டும். அதற்கு இப்போதே கத்தத் தொடங்கலாம் என்பதுதான் என் கருத்து.

இன்னொன்று. அந்தக் கறுப்பெல்லாம் கரி என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிறகு அங்கே ஒரு அம்மா விளங்கப்படுத்தினார்: எல்பே ஆற்றுப் பக்கத்து மணற்கல்லில் இரும்பு இருக்கிறது, காற்றும் மழையும் பட்டுத் தானாகவே கறுக்கும், புதுக்கல்லும் ஒருநாள் அதே நிறத்துக்கு வந்துவிடும் என்று. இதை அப்பாவுக்குச் சொன்னபோது சிரித்தார்.

“அப்ப எங்கட லைப்ரரியும் கறுக்கும் என்ன?”

“அது பெயின்ற் அப்பா. கறுத்தா திரும்ப அடிப்பினம்.”