தடுப்புச்சுவரைத் தள்ளிய தண்ணீர் யாருடையது?

எங்கள் வீட்டின் பின்புறம் 3 மீட்டர் உயரத்தில் ஒரு கருங்கல் தடுப்புச்சுவர் இருக்கிறது. மேலே நகராட்சியின் சாலை, கீழே எங்கள் மனை. சென்ற மழைக்காலம் முடிந்ததும் சுவர் நடுவில் வயிறு தள்ளிவிட்டது. உச்சிக் கல்லிலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். நூல் நேராக இறங்காமல் இடுப்பு உயரத்தில் கல்லின்மேல் சாய்ந்து நின்றது.

பிறகு நகராட்சியிடமிருந்து கடிதம் வந்தது. சுவர் என் எல்லைக்கு உள்ளே ஒரு சாண் தள்ளி இருக்கிறதாம், ஆகவே முழுச் செலவும் என் தலையில். நேரில் போய் வாதாடியபோது பாதிப் பாதி என்று இறங்கி வந்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுவர் ஏன் சாய்ந்தது என்றே பார்க்காமல் எதை வைத்துப் பாதி என்கிறார்கள்?

அந்த உயரத்துக்கு, சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் காய்ந்த மண் ஏறக்குறைய 2.7 டன் விசையோடு தள்ளும். அதே மண்ணில் தண்ணீர் உச்சிவரை தேங்கிவிட்டால் விசை 6 டன்னை நெருங்கும். மண்ணைத் தாங்கக் கட்டிய சுவரைத் தண்ணீர்தான் பெரும்பாலும் சாய்க்கிறது. மழையில் குடை பிடித்துக்கொண்டு மேலே போய்ப் பார்த்தேன். சாலையோர வடிகாலில் ஓடி வந்த நீர் ஒரு விரிசலுக்குள் இறங்கியது, மறுமுனைக்கு வந்து சேரவே இல்லை. அந்த வடிகால் என்னுடையது அல்ல.

என் தவறும் உண்டு, மறைக்கவில்லை. சுவரில் நீர் வெளியேற விட்டிருந்த துளைகளின் கீழ்வரிசையை, தோட்டத்துக்கு மண் கொட்டியபோது நானே மூடிவிட்டேன். தோண்டி, ஒரு துளையில் அடைத்திருந்த வேரைப் பிடுங்கியதும் கைநிறையச் சேறும், பின்னாலேயே கலங்கல் தண்ணீரும் பீறிட்டு வந்தன. அந்தப் பங்கை நான் கொடுத்தே ஆக வேண்டும்.

இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1979இல், லீக்கி வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. தன் நிலத்து மண் சரிந்து அடுத்தவரைப் பாதிக்கும் என்று தெரிந்த பிறகு உரிமையாளர் கைகட்டி நிற்க முடியாது. அவர் எவ்வளவு செய்ய வேண்டும் என்பதில் அவருடைய வசதியும் கணக்கில் வரும். எனக்கு இது மிகச் சரியாகப் படுகிறது. சாலை போடும் நிர்வாகத்தின் கையும் ஒரு குடும்பத்தின் கையும் ஒரே நீளம் அல்ல.

ஆகவே என் கோரிக்கை இது. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் பொறியாளர் ஒருவர் வந்து காரணத்தைப் பிரித்து எழுதட்டும். சாலையின் பாரமும் வடிகால் நீரும் நகராட்சியின் கணக்கு, மூடிய துளைகள் என் கணக்கு. என் பங்கைத் தவணையில் கட்ட வழி செய்யுங்கள். ஆனால் வடிகாலின் விரிசலை முதலில் அடைத்துவிடுங்கள். அது ஒழுகும்வரை புதுச் சுவர் கட்டினாலும் நிற்காது.

சுவரில் விழுந்த விரிசலின் நுனியில் சுண்ணாம்பால் குறி வைத்திருந்தேன். இன்று காலை அது குறியைத் தாண்டி இரண்டு விரற்கடை போயிருக்கிறது.