துண்டு விழுந்தால் முதலில் குழந்தையின் பங்கில்தான் கை வைப்பார்களா?

ஒரு மாநகராட்சி பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் முதல் வெட்டு எங்கே விழும் என்று ஊகிக்கப் பெரிய பொருளாதார அறிவெல்லாம் வேண்டாம். யார் சத்தம் போட மாட்டார்களோ அங்கே விழும். சாலை ஒப்பந்ததாரருக்குப் பாக்கி வைத்தால் அவர் மறுநாள் காலையிலேயே ஆணையர் அறை வாசலில் நிற்பார். குப்பையை அள்ளாமல் விட்டால் மூன்றே நாளில் ஊர் நாறும். பெற்றோர் வேலைக்குப் போகும் நேரத்தில் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் மூன்று வயதுக் குழந்தைக்கு இடம் கிடைக்காமல் போனால் என்ன ஆகும்? வெளியே தெரிகிற மாதிரி ஒன்றும் ஆகாது. அந்த வீட்டில் ஒரு பெண் வேலையை விடுவாள். அல்லது மூட்டுவலியோடு ஒரு பாட்டி பேரன் பின்னால் ஓடுவார். அல்லது பத்து வயது அக்காவின் படிப்பு அடிக்கடி தடைபடும். இவற்றில் எதுவும் மாநகராட்சியின் கணக்கில் செலவாக ஏறாது. அதனால்தான் அதிகாரிகளுக்கு இது வலிக்காத வெட்டு.

இதை எழுதினால் "பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பெற்றோர் கடமை, அதற்கு நகரம் ஏன் காசு தர வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டு யாராவது வருவார்கள் என்று தெரியும். ஆறு வயதில் பள்ளிக்கூடம் போனால் அது பொதுச் செலவு, நான்கு வயதில் போனால் குடும்பச் செலவு. இந்தக் கோட்டை யார் போட்டது? குழந்தையின் மூளை அப்படி ஒரு கோட்டைப் பார்த்து வளர்வதில்லை. பேச்சு, கோபத்தை அடக்குவது, இன்னொரு குழந்தையோடு பொம்மையைப் பங்கு போடுவது எல்லாம் பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே அஸ்திவாரம் போட்டுக்கொள்கிற விஷயங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்காகப் பேருந்தை மானியத்தில் ஓட்டுகிறோம், யாரும் முகம் சுளிப்பதில்லை. குழந்தையை விட இடமில்லாத தாய் அந்தப் பேருந்தில் எப்படி ஏறுவாள்?

சரி, இந்தக் காசு எங்கே போகிறது என்று பார்ப்போம். பெரும்பகுதி சம்பளம். கைக்குழந்தைகள் என்றால் மூன்று நான்கு பேருக்கு ஒரு ஆள் இருக்க வேண்டும் என்றுதான் பல நாடுகளின் விதிகள் சொல்கின்றன. இதில் இயந்திரத்தைப் புகுத்தி ஆளைக் குறைக்க வழியில்லை. ஒரே ஆள் எட்டுக் கைக்குழந்தைகளுக்கு டயபர் மாற்றி, பால் புகட்டி, தூங்கவும் வைக்க முடியும் என்று யாராவது சொன்னால், அவரை அரை நாள் அந்த அறையில் உட்கார வையுங்கள். கட்டணத்தை ஏற்றினால் பெற்றோரால் கட்ட முடியாது. சம்பளத்தைக் குறைத்தால் ஆசிரியையும் ஆயாவும் வேறு வேலை தேடிப் போய்விடுவார்கள். நடுவில் இருக்கிற பள்ளத்தைப் பொதுப் பணம்தான் நிரப்ப வேண்டும். காப்பகத்தை லாபக் கணக்கில் நடத்திக் காட்டுகிறேன் என்று கிளம்பியவர்கள் ஒன்று பணக்காரக் குழந்தைகளோடு நின்றுகொண்டார்கள், அல்லது ஆளைக் குறைத்தார்கள்.

ஆள் போனால் என்ன, வேறு ஆளைப் போடலாமே என்று தோன்றும். என் மகள் போன காப்பகத்தில் ஒரு ஆசிரியை இருந்தார். ஒரு மதியம் அழைத்துவரப் போனபோது வாசலில் நின்று பார்த்தேன். ஒரு பையன் ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். பாதி மேஜையில் ஓடியது. நானாக இருந்தால் குவளையைப் பிடுங்கியிருப்பேன். அவர் ஒரு துணியை எடுத்து அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, "எந்தக் குவளைல அதிகம் புடிக்கும்?" என்று கேட்டார். அவன் யோசித்தான், தப்பாகச் சொன்னான், மறுபடி ஊற்றிப் பார்த்தான், அப்புறம் தானே துணியை எடுத்து மேஜையைத் துடைத்தான். அளவு, ஊகம், சோதனை, பொறுப்பு, எல்லாம் சில நிமிடத்தில் முடிந்தது. வெளியே இருந்து பார்க்கிறவருக்கு அது "சும்மா விளையாட விட்டிருக்கிறார்கள்". இந்தத் திறமை ஒரு வாரப் பயிற்சியில் வராது. சம்பளம் போதாமல் அவர் கிளம்பியபோது, அவருக்குப் பதிலாக வந்தவரையும் குறை சொல்ல மாட்டேன், அவரும் சில மாதங்கள்தான் தாக்குப்பிடித்தார். குழந்தைகள் ஒவ்வொரு புது முகத்துக்கும் முதலிலிருந்து பழகினார்கள்.

இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1962-ல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளித் திட்டம். ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகள் ஆய்வில் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு நல்ல முன்பள்ளி, கூடவே ஆசிரியர் வாரம் ஒருமுறை வீட்டுக்கே வருவார். மற்றவர்களுக்கு அது இல்லை. முன்பள்ளிக்குப் போனவர்களின் நுண்ணறிவு மதிப்பெண் முதலில் ஏறியது, சில ஆண்டுகளில் அந்த வித்தியாசம் கரைந்துபோனது. அத்தோடு ஆய்வை மூடியிருந்தால் "வீண் செலவு" என்று முத்திரை விழுந்திருக்கும். அவர்கள் மூடவில்லை, அந்தக் குழந்தைகளின் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். முன்பள்ளிக்குப் போனவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் அதிகம், வருமானம் அதிகம், போலீஸ் கைது குறைவு. பொருளாதாரத்தில் 2000-ம் ஆண்டு நோபல் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் இந்தத் தரவுகளை எடுத்துக் கணக்குப் போட்டு, போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம் வரை சமூகத்துக்குத் திரும்பி வருவதாகச் சொன்னார்.

அரசியல்வாதிக்கு இதில்தான் சிக்கல். பலன் தெரிய இருபது, முப்பது ஆண்டு ஆகிறது. மேயருக்கு இருப்பதோ நான்கு அல்லது ஐந்து ஆண்டு. மேம்பாலம் கட்டினால் அவர் பதவியில் இருக்கும்போதே ரிப்பன் வெட்டலாம். நான்கு வயதுக் குழந்தை பின்னாளில் ஜெயிலுக்குப் போகாமல் இருந்ததற்கு யார் ரிப்பன் வெட்டுவது?

எதிர்த்தரப்பிடம் இருக்கும் நல்ல வாதத்தையும் மறைக்கக் கூடாது. டென்னசி மாநிலத்தின் முன்பள்ளித் திட்டத்தில் இடம் கிடைத்த குழந்தைகளையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் வந்தது. ஆறாம் வகுப்பில், முன்பள்ளிக்குப் போனவர்களே பின்தங்கியிருந்தார்கள். கனடாவின் கியூபெக் மாகாணம் 1997-ல் நாளுக்கு 5 டாலர் கட்டணத்தில் காப்பகம் கொண்டுவந்தது. ஏராளமான தாய்மார்கள் வேலைக்குப் போனார்கள், அது பெரிய வெற்றி. ஆனால் குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதாகச் சில பொருளாதார அறிஞர்கள் எழுதினார்கள். இவற்றைக் காட்டி "பார்த்தாயா, காசைக் குறைக்கலாம்" என்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. பெர்ரியில் ஐந்தாறு குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆசிரியர். அந்தத் தரத்துக்கு ஆகும் செலவைச் செய்யாமல் பெர்ரியின் பலனை மட்டும் எதிர்பார்த்தால் எப்படிக் கிடைக்கும்? இந்த ஆய்வுகள் சொல்வது தரத்தில் கை வைக்காதே என்பதைத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி வெட்டு எப்படி விழுகிறது என்பதற்கு வருகிறேன். "காப்பக நிதியைக் குறைக்கிறோம்" என்று எந்த மேயரும் மைக்கில் சொல்ல மாட்டார். பட்ஜெட் மதிப்பீட்டில் தொகை கம்பீரமாக இருக்கும். திருத்திய மதிப்பீட்டில் சுருங்கும். உண்மைச் செலவு என்ற பத்தியைப் பார்த்தால் இன்னும் கீழே. நடுவில் நடப்பது இதுதான்: ஓய்வுபெற்ற ஆசிரியையின் இடத்தை நிரப்ப மாட்டார்கள். காப்பகம் நடத்தும் தொண்டு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை மாதக் கணக்கில் இழுத்தடிப்பார்கள். பெரிய நிறுவனம் கடன் வாங்கிச் சமாளிக்கும், தெருமுனையில் இருபது குழந்தைகளை வைத்துக்கொண்டு நடத்துகிறவர் கதவைப் பூட்டுவார். பூட்டிய பிறகு "அந்தப் பகுதியில் தேவை இல்லை" என்று ஒரு குறிப்பு எழுதப்படும்.

நியூயார்க் நகரத்தின் கதையில் இதெல்லாம் வரிசையாக இருக்கிறது. 2014-ல் மேயர் பில் டி பிளாசியோ எல்லா நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் இலவச முன்பள்ளி என்றார். சுமார் 20,000 ஆக இருந்த முழுநாள் இடங்கள் அந்த ஆண்டே 50,000-ஐத் தாண்டின. ஒரு நகரம் மனசு வைத்தால் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பிறகு மூன்று வயதுக்காரர்களுக்கும் விரித்தார்கள். அந்த விரிவாக்கத்தின் பெரும்பகுதி கோவிட் கால மத்திய அரசு நிவாரணப் பணத்தை நம்பி நடந்தது. ஒருமுறை வரும் பணத்தில் ஒவ்வொரு மாதமும் தர வேண்டிய சம்பளத்தை வைத்தார்கள். அடுத்து வந்த மேயர் எரிக் ஆடம்ஸ் நிர்வாகம், நிறைய இடங்கள் காலியாக இருக்கின்றன என்று சொல்லி 2023-ல் வெட்டுகளை அறிவித்தது. பெற்றோர் தெருவில் இறங்கிக் கத்தினார்கள். 2024 பட்ஜெட்டில் ஒரு பகுதி திரும்பி வந்தது.

"காலி இடம்" என்ற இந்த வாதம் எங்கு கேட்டாலும் எனக்குச் சந்தேகம் வரும். வேலை முடிய ஆறு மணி ஆகும் தாய்க்குப் பிற்பகலிலேயே மூடும் காப்பகத்தில் இடம் இருந்து என்ன பயன்? குழந்தைகள் ஒரு பக்கம், இடங்கள் இன்னொரு பக்கம் இருந்தாலும் கணக்கில் காலி என்றுதான் வரும். கைக்குழந்தைக்குக் காத்திருப்போர் பட்டியல் நீண்டு கிடக்கும்போதே நான்கு வயது வகுப்பில் நாற்காலிகள் காலியாக இருக்கலாம். நேரத்தையும் இடத்தையும் மாற்றினால் தீரும் பிரச்சினைக்குப் பணத்தை எடுத்துக்கொண்டு போவது என்ன நியாயம்?

நிதியைக் காப்பாற்ற நினைத்த நகரங்கள் அதற்கென்று தனி வருவாயைக் கட்டிவைத்தன. டெக்சஸின் சான் அன்டோனியோவில் 2012-ல் மக்கள் வாக்களித்து விற்பனை வரியில் டாலருக்கு எட்டில் ஒரு சென்ட்டை முன்பள்ளிக்கென்றே ஒதுக்கினார்கள். 2020-ல், கோவிட் நடுவிலும், மறுபடி வாக்களித்து அதைத் தொடர்ந்தார்கள். பிலடெல்பியா 2017 முதல் குளிர்பானங்களுக்கு அவுன்ஸுக்கு ஒன்றரை சென்ட் வரி போட்டு அதில் முன்பள்ளி நடத்துகிறது. குளிர்பான நிறுவனங்கள் வழக்குப் போட்டன, மாநில உச்ச நீதிமன்றம் 2018-ல் வரி செல்லும் என்றது. எனக்கு சான் அன்டோனியோ வழிதான் பிடித்திருக்கிறது. மக்கள் சோடா குடிப்பதைக் குறைக்கக் குறைக்க குழந்தைகளின் காசும் குறையும் என்பது கொஞ்சம் விசித்திரமான ஏற்பாடு. என்றாலும் ஒவ்வொரு ஆண்டும் பொது நிதியில் கையேந்தி நிற்பதற்கு இது தேவலை.

இத்தாலியின் ரெஜியோ எமிலியாவைச் சொல்லாமல் விட முடியாது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, அங்கே ஒரு கிராமத்தில் ஜெர்மானியர்கள் விட்டுப்போன பீரங்கி வண்டியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்று அந்தப் பணத்தில் மக்களே ஒரு முன்பள்ளி கட்டினார்கள். 1963-ல் நகராட்சியே தன் பெயரில் முன்பள்ளி திறந்தது. லோரிஸ் மலகுத்ஸி என்ற ஆசிரியர் அதற்கு வடிவம் கொடுத்தார். இன்று உலகெங்கும் இருந்து அதைப் பார்க்கப் போகிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சுவரில் மாட்டிய ஓவியங்களைப் பற்றி எழுதுகிறார்கள், ஒரு நகராட்சி இத்தனை பத்தாண்டுகள் விடாமல் அதற்குப் பணம் கொடுத்ததைப் பற்றிப் பெரிதாக எழுதுவதில்லை.

உங்கள் நகரத்தில் பட்ஜெட் வரும்போது முதல் பக்கத்து அறிவிப்பைப் படித்துவிட்டு விடாதீர்கள். குழந்தைகள் நலன் என்ற தலைப்பின் கீழே போன ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்று பாருங்கள். காலிப் பணியிடம் எத்தனை, காப்பகங்களுக்கு நிலுவை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் கேட்டால்தான் பதில் வரும். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை வேலை நாளில் காலை பதினொரு மணிக்குத்தான் வைப்பார்கள். அந்த நேரத்தில் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்று தயங்கினால், தூக்கிக்கொண்டே வாருங்கள். ஓடியாடட்டும், மைக்கைப் பிடித்து இழுக்கட்டும். உறுப்பினர்கள் அரை மணி நேரம் சமாளித்துப் பார்க்கட்டும்.