சிங்க்திங் இணைப்பு அறுந்தால் ஆப்பை அழிக்காதீர்கள், முகவரியைப் பாருங்கள்

சிங்க்திங் பயன்படுத்தும் நண்பர்கள் என்னிடம் கேட்பதில் பெரும்பாலும் ஒரே கேள்விதான். "நேற்றுவரை நன்றாக ஓடியது, இன்று அந்தப் பக்கம் டிஸ்கனெக்டட் என்று காட்டுகிறது. ஆப்பை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன், அப்படியும் வரவில்லை." இந்த மறுபடி போடுகிற வேலையைத்தான் தயவுசெய்து விடுங்கள் என்கிறேன். கைபேசியில் ஆப்பை அழிக்கும்போது அதன் சாவிக்கோப்பும் சேர்ந்து போய்விடும். திரும்பப் போட்டால் புது டிவைஸ் ஐடி வரும். மறுமுனையில் இருக்கும் கணினிக்கு அது முன்பின் தெரியாத ஒரு கருவி. ஒரு சிக்கலோடு வந்தவர் இப்போது இரண்டு சிக்கலோடு நிற்கிறார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சிங்க்திங் என்பது கருவிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்க யாகோப் போர்க் 2013-இல் தொடங்கிய திறமூல மென்பொருள். நம் படங்களையும் கோப்புகளையும் வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனி எதுவும் நடுவில் கிடையாது. என் கணினியும் உங்கள் கணினியும் நேராகப் பேசிக்கொள்ளும். அந்த நேர்ப்பேச்சுக்காகத்தான் நான் இதை விரும்புகிறேன். அது அறுந்துபோகும்போது, நான் பார்த்தவரை, பழுது மென்பொருளில் இருப்பது அபூர்வம். வழியில்தான் இருக்கும்.

இரண்டு பேரில் ஒருவரை வெளியிலிருந்து நேராக எட்ட முடிந்தால் போதும், இணைப்பு கிடைத்துவிடும். இரண்டு பேரையுமே எட்ட முடியாதபோதுதான் தொல்லை. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் வீட்டு ரவுட்டருக்குச் சொந்தமாக ஒரு பொது முகவரி இருக்கிறதா என்பதை.

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வேன் ஐபி (WAN IP) என்று ஒரு எண் இருக்கும், அதுதான் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி. பிறகு உங்கள் ஐபி என்ன என்று காட்டும் ஏதாவது ஒரு வலைத்தளத்தைத் திறங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. வேறாக இருந்தால், அதுவும் ரவுட்டரில் இருப்பது 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட்டுக்கு, அதாவது இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிரும் ஏற்பாட்டுக்கு, பின்னால் இருக்கிறீர்கள். ஒரே கதவு எண்ணை ஊரே பகிர்ந்துகொள்கிற மாதிரி. நீங்கள் அனுப்பும் கடிதம் போய்ச் சேரும், பதிலும் வரும், ஆனால் புதிதாக ஒருவர் உங்களைத் தேடி வர வழியில்லை. ரவுட்டரில் சிங்க்திங்குக்கான வாசலாகிய 22000 போர்ட்டை எத்தனை முறை திறந்துவிட்டாலும் பலன் இல்லை, அடைத்திருக்கும் கதவு உங்களுடையது அல்ல. ரவுட்டரில் காட்டும் எண் 192.168 என்று தொடங்கினால் விஷயம் வேறு. ஃபைபர்காரர் கொடுத்த பெட்டியும் நீங்கள் வாங்கிய ரவுட்டரும் ஒன்றன்பின் ஒன்றாக முகவரி மாற்றுகின்றன. ஏதாவது ஒன்றை பிரிட்ஜ் மோடில், அதாவது முகவரி மாற்றாமல் அப்படியே கடத்திவிடும் நிலையில், போட்டால் அந்த ஒரு அடுக்காவது குறையும்.

இது ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஒழுங்கான காரணம் இருக்கிறது. இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலகளாவிய இருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பிரித்துக் கொடுக்கப்பட்டன. நம் ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகம் அதே ஏப்ரலில் கட்டுப்பாட்டு நிலைக்கு வந்தது. 2012 ஏப்ரலில் ஆர்எஃப்சி 6598 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் வழியாக அந்த 100.64 வரிசையை, இணைய நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தம் வலைக்குள் பயன்படுத்த ஒதுக்கினார்கள். முகவரி தீர்ந்துபோனது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் பணம் கட்டும் வாடிக்கையாளரிடம் "உங்களுக்குத் தனி முகவரி கிடையாது, வெளியிலிருந்து யாரும் உங்களை எட்ட முடியாது" என்று சேரும்போதே சொல்லாமல் விடுவது குற்றம்தான். என் வீட்டுக்கு இணைப்புக் கொடுத்தவர்கள் வேகத்தைச் சொன்னார்கள், ஓடிடி சந்தாக்களைச் சொன்னார்கள், இதைச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துக் கேட்டால், ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் சார் என்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் இதுதான்.

சரி, லாக்குக்கு, அதாவது என்ன நடந்தது என்று சிங்க்திங் வைத்திருக்கும் பதிவுக்கு, வருவோம். சிங்க்திங் முகப்பில் மறுமுனைக் கருவியை விரித்தால் எந்தெந்த முகவரியில் முயன்றது, ஒவ்வொன்றிலும் என்ன ஆனது என்று தெரியும். "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்று வந்தால் நல்ல செய்தி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உங்கள் பாக்கெட் (நீங்கள் அனுப்பிய தரவுத் துண்டு) அந்த முகவரிவரை போயிருக்கிறது, அங்கே அந்த போர்ட்டில் கேட்க யாரும் இல்லை என்று பதிலும் வந்திருக்கிறது. மறுமுனையில் சிங்க்திங் ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது. "டைம்அவுட்" என்று வந்தால் கதை வேறு. பாக்கெட்டை வழியில் யாரோ சத்தமில்லாமல் விழுங்கிவிட்டார்கள், ஃபயர்வாலோ சிஜிநாட்டோ. அல்லது அந்த முகவரியே பழையதாக இருக்கலாம். மின்வெட்டுக்குப் பிறகு ரவுட்டர் எழுந்து புது முகவரி வாங்கியிருக்கும், பழைய போர்ட் திறப்பும் அதோடு போயிருக்கும். கொஞ்ச நேரம் விட்டால் பல சமயம் தானாகவே சரியாகிவிடும். முகவரியே எதுவும் பட்டியலில் இல்லை என்றால் டிஸ்கவரி, அதாவது மறுமுனையின் முகவரியைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு, வேலை செய்யவில்லை. "திஸ் டிவைஸ்" பகுதியில் டிஸ்கவரி 3/5 என்பதுபோல ஒரு எண் இருக்கும், அதைத் தட்டினால் எது தோற்றது, ஏன் என்று எழுதியிருக்கும். கணினியின் தேதி தப்பாக இருந்தாலும் டிஸ்கவரி சர்வரின் சான்றிதழ் செல்லாமல் இப்படி ஆகும். பழைய மடிக்கணினிகளில் கடிகாரத்தை ஓட்டும் பயாஸ் பேட்டரி தீர்ந்திருந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இணைந்த பிறகு அறுவது இன்னொரு வகை. முகவரி மாற்றும் ஒவ்வொரு ரவுட்டரும் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். பேச்சு ஓய்ந்தால் அந்த வரியை அழித்துவிடும். யூடிபி, டிசிபி இரண்டும் பாக்கெட் அனுப்பும் முறைகள். யூடிபிக்கு 2 நிமிடத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஆர்எஃப்சி 4787, 5 நிமிடம் நல்லது என்றும் பரிந்துரைக்கிறது. டிசிபிக்கு ஆர்எஃப்சி 5382 சொல்வது 2 மணி 4 நிமிடம். எல்லாப் பெட்டிகளும் இதை மதிப்பதில்லை. சிங்க்திங் சும்மா இருக்கும்போது 90 நொடிக்கு ஒருமுறை ஒரு பிங் அனுப்பும், 300 நொடி எதுவும் வராவிட்டால் இணைப்பை மூடிவிடும். அதாவது மறுமுனை செத்துப்போய் 5 நிமிடம்வரை உங்கள் திரை இணைந்திருப்பதாகவே காட்டலாம். அந்த இடைவெளியில் கோப்பு நகரவில்லையே என்று பதறி எதையும் மாற்றாதீர்கள்.

இணைப்பு வருகிறது, சின்னக் கோப்புகள் போகின்றன, பெரியது வந்தால் அப்படியே உறைகிறது என்றால் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பை, சந்தேகியுங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ முறை வழியாக வரும் இணைப்பில் 1500 பைட்டில் 8 போய் 1492-தான் மிஞ்சும். அதைப் பற்றிய அறிவிப்பை வழியில் யாராவது தடுத்தால் பெரிய பாக்கெட்டுகள் மட்டும் காணாமல் போகும்.

அப்புறம் கைபேசி. ஆண்ட்ராய்டில் பேட்டரி சிக்கனத்துக்காகப் பின்னணி ஆப்களை உறங்க வைத்துவிடுவார்கள். ஆப் அமைப்பில் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்குங்கள், பாதிப் புலம்பல் அதிலேயே நிற்கும். சிங்க்திங்கின் அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு ஆப் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. இன்னும் அதையே வைத்திருப்பவர்கள் சிங்க்திங்-ஃபோர்க் என்ற மாற்று ஆப் பக்கம் வந்துவிடுங்கள். ஆனால் பழையதை அழிக்கும் முன் அதன் அமைப்பை ஏற்றுமதி செய்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வைஃபையில் இருந்தும் ஒன்றையொன்று பார்க்கவில்லையா? கெஸ்ட் நெட்வொர்க்கில் ஒன்று இருக்கலாம், அல்லது ரவுட்டரில் ஏபி ஐசொலேஷன் (வைஃபை கருவிகள் ஒன்றோடொன்று பேசாமல் தடுக்கும் அமைப்பு) போட்டிருக்கலாம். விண்டோஸ் அந்த வைஃபையைப் பப்ளிக் என்று குறித்திருந்தால் யூடிபி 21027-இல் வரும் அறிவிப்பை ஃபயர்வால் உள்ளே விடாமல் இருக்கலாம். இன்னொன்று, பழைய கணினியின் வட்டை அப்படியே புதியதுக்கு நகல் எடுத்து இரண்டையும் ஓட விடாதீர்கள். இரண்டுக்கும் ஒரே டிவைஸ் ஐடி இருக்கும், மற்ற கருவிகள் குழம்பி இணைவதும் அறுவதுமாக இருக்கும்.

இரு பக்கமும் சிஜிநாட் என்றாலும் உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம். இருவரும் ஒரே நேரத்தில் வெளியே பாக்கெட் அனுப்பி, பட்டியலில் விழுந்த வரிகள் வழியாகவே சந்தித்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு, ஹோல் பஞ்சிங் என்பார்கள். பிரையன் ஃபோர்டும் அவருடைய கூட்டாளிகளும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் சோதித்த நாட் (முகவரி மாற்றும்) கருவிகளில் சுமார் 82 விழுக்காட்டில் யூடிபிக்கும் 64 விழுக்காட்டில் டிசிபிக்கும் இது பலித்தது. சிங்க்திங்கில் யூடிபி மேல் ஓடும் குயிக் என்ற இணைப்பு முறை இதைத்தான் முயல்கிறது, அதனால் அதை அணைத்து வைக்காதீர்கள். அதுவும் பலிக்காவிட்டால் ரிலே, அதாவது நடுவில் நின்று தரவைக் கடத்திவிடும் சர்வர். உலகம் முழுக்கப் பெயர் தெரியாத தன்னார்வலர்கள் தங்கள் சர்வரையும் அலைவரிசையையும் நமக்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள். நம் தரவு முனைக்கு முனை மறையாக்கம் ஆகியிருப்பதால் அவர்களால் படிக்க முடியாது. மெதுவாக இருக்கும், உண்மைதான். "ரிலேவில் மாட்டிக்கொண்டது" என்று சலித்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்த மனிதர்கள் இல்லாவிட்டால் நம்மில் பலருக்கு இணைப்பே கிடையாது.

நான் இவ்வளவு மெனக்கெட்டு எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நேராகப் பேச வழியில்லாமல் போகும்போதெல்லாம் நாம் நடுவில் இருக்கும் பெரிய நிறுவனங்களிடம் போய் நிற்கிறோம். பியர்-டு-பியராக, அதாவது கணினிக்குக் கணினி நேராகப் பேசுவதாக, தொடங்கிய ஸ்கைப்கூட 2012-இல் அதன் முக்கிய முனைகளை மைக்ரோசாஃப்ட் சர்வர்களுக்கு மாற்றியது. என் பிள்ளைகளின் படத்தை என் அண்ணன் வீட்டுக் கணினிக்கு அனுப்ப மூன்றாவது ஒருவருக்கு மாத வாடகை கட்ட வேண்டும் என்பதை என்னால் இயல்பானது என்று ஏற்க முடியவில்லை. ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை இதற்கு நல்ல வழி, ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி வந்துவிடும். ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் உள்வரும் இணைப்பை வழக்கமாகத் தடுக்கும், அதில் 22000-ஐ மட்டும் அனுமதிக்க வேண்டும்.

புது இணைப்பு வாங்கப் போகிறவர்கள் வேகத்தைக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஐபிவி6 தருகிறீர்களா, பொது ஐபிவி4 வேண்டுமென்றால் மாதம் எவ்வளவு? அவர்கள் சொன்ன பதிலை, ஊர்ப் பெயரோடு, கீழே கருத்தில் போடுங்கள். ஏற்கெனவே அறுந்துபோய்த் தவிப்பவர்கள் வேன் ஐபியின் முதல் இரண்டு எண்களையும், லாக்கில் வந்த பிழை வரியையும், இரு பக்கமும் என்ன வகை இணைப்பு என்பதையும் எழுதுங்கள். முழு முகவரியைப் பொதுவில் போட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.