சூளையில் வெடிப்பது யார் குற்றம்?

ஆதரவற்ற பெண்கள் நடத்தும் காட்பாடி மண்பாண்டக் கூடத்தில் பாதிப் பானை சூளையிலேயே வெடிக்கிறது என்கிறது ஒரு கட்டுரை. குறை அவர்கள் கையில் இல்லை. உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகித்தான் வெடிக்கிறது. நிழலில் ஒரு வாரமாவது காயட்டும். வேலூர் வெயிலில் வைத்தால் விளிம்பு முந்திக் காய்ந்து விரிசல் விடும். பானையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம்தான். முதல் 2, 3 மணி நேரம் சிறு தீ போதும். 100 டிகிரி தாண்டும்வரை அவசரமே கூடாது.

வெந்து சில நாள் கழித்துச் சில்லு பெயர்ந்தால் அது மண்ணில் கலந்திருந்த சுண்ணாம்புக் கல்லின் வேலை. ஏரி வண்டலைக் கரைத்து மெல்லிய சல்லடையில் வடிகட்டுங்கள்.

கூலியை வெந்த பானைக்கு அல்ல, வனைந்த பானைக்குக் கொடுங்கள். சூளை நட்டத்தை அன்றாடக் கூலியை நம்பியிருப்பவர் தலையில் கட்டுவது அநியாயம்.