இறங்கிறது சரி, எழும்புமோ?

புல்வெளியில ஓடி எழும்பப் பார்த்து வேலிக்கரையில குப்புற விழுற குட்டி விமானத்தின்ர வீடியோ எது வந்தாலும், எங்கட ஆக்களின்ர தீர்ப்பு ஒண்டுதான்: "இஞ்சின் நிண்டிட்டுது." கனக்க நேரங்களில இஞ்சின் கடைசிவரை முழு வேகத்தில ஓடியிருக்கும். விடாமப் பிடிச்சது நிலம்.

இதை ஏன் கதைக்கிறன் எண்டால், நெடுந்தீவுக்கு செஸ்னா எண்ட குட்டி விமானமொண்டை விட்டால் என்ன எண்டு கேக்கிற ஆக்கள் இருக்கினம். வெட்டைவெளி சும்மா கிடக்குதாம், குதிரை ஓடுற இடத்தில விமானம் ஓடாதோவாம். கடல் கொந்தளிக்கிற நாளில குறிகட்டுவான் இறங்குதுறையில படகுக்குக் காத்து நிண்டவைக்கு அந்த ஆசை விளங்கும். எனக்கும் விளங்குது. ஆனாலும் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன்.

பலாலி விமான நிலையத்தில பிரச்சினை இல்லை, ரன்வே இருக்கு. நெடுந்தீவில போய் இறங்கினது எப்பிடித் திரும்பி எழும்பும்? செஸ்னா 172 முழுப் பாரத்தோட, கடல் மட்டத்தில, 15 பாகை வெப்பத்தில, நல்ல தார் ரன்வேயில ஓடி 15 மீற்றர் உயரத்தைத் தாண்ட ஏறத்தாழ 500 மீற்றர் வேணும். இறங்க அதைவிடக் குறைய இடம் காணும், அதுதான் ஆளை ஏமாத்துறது. எங்கட வெயில் 35 பாகை. பிரித்தானிய சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை சின்ன விமானக்காரருக்குச் சொல்லுற கணக்கில, கூடுற ஒவ்வொரு 10 பாகைக்கும் தூரத்தை 1.1 ஆல பெருக்க வேணும். காய்ஞ்ச புல்லுக்கு 1.2. நிலம் இளகியிருந்தால் குறைஞ்சது 1.25. (கூட்டுறேல்லை, பெருக்கிறது!) 500 எண்டது 900 ஐத் தாண்டுது. பாதுகாப்புக்கு இன்னொருக்கா 1.33 ஆல பெருக்கச் சொல்லினம்: 1200 மீற்றர். அதுவும் 15 மீற்றர் தடைக்குத்தான். எங்கட வளர்ந்த பனை 20 மீற்றரைத் தாண்டும்.

கரடுமுரடு நிலத்தில இன்னொரு பொறி இருக்கு. வேகம் வர முந்தியே ஒரு மேடு விமானத்தைத் தூக்கி விட்டிடும். நிலத்துக்குக் கிட்ட காத்து பின்னுக்கு இழுக்கிற இழுவை குறைவு, அதால பறக்கிற மாதிரித்தான் இருக்கும். விமானி நம்பி மூக்கை உயர்த்துவார். கொஞ்சம் மேல போனதும் இழுவை கூடும், வேகம் விழும், இறக்கை தூக்காது. முன்னால நிலமும் மிச்சமில்லை. மேட்டுக்குப் பதிலா குழி எண்டால் முன்சக்கரக் கால் மடங்கி, புரொப்பெல்லர் மண்ணைக் கொத்தும். ரெண்டுக்கும் இடையில ஒரு முழங்கூட இல்லை.

பாதித் தூரம் ஓடியும் எழும்புற வேகத்தில 70 வீதம் வராட்டி நிப்பாட்டு எண்டு விமானிகளிட்ட ஒரு கைக்கணக்கு இருக்கு. நல்ல கணக்கு. ஆனா அளந்து குறி வைக்காத வெட்டையில எது பாதி?

நிரவி, அளந்து, குதிரை வராமல் வேலியடைக்கக் காசு இருக்கெண்டால், அந்தக் காசுக்கு அலையைத் தாங்கிற நல்ல படகொண்டும், இராவிலயும் நோயாளியை ஏத்தக்கூடிய ஹெலிகொப்டர் தளமொண்டும் கேளுங்கோ. நானும் கையெழுத்து வைக்கிறன்.